துரை கைமேல் துண்டு போட்டேன்

எனக்குப் பேச வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊமை இல்லை. வீட்டில் பேசுவேன், மாட்டிடம் பேசுவேன். ஆனால் பழக்கமில்லாத மனிதர் ஒருவர் எதிரே வந்து நின்றால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். துவரம்பருப்பு கேட்டதற்குக் கடைக்காரர் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்தாலும் மாற்றித் தரச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே வாங்கி வந்துவிடுவேன். (அதனால் எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு ஊரில் ஒரு தனிப் பெயர் உண்டு. அது வேறு விஷயம்.) ஆம்பூரில் வாய் உள்ளவர்கள் அத்தனை பேர் இருக்க, சீமைத் துரை ஒருவரிடம் விலை பேச என்னைப் போய் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் ஒரு எலுமிச்சம்பழம்.

ஜெர்மன் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. எனக்கு இருபத்திரண்டு வயசு. மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்தேன். நாலாவதில் வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார் என்று கேள்விப்பட்டதால் அதற்கு மேல் போகவில்லை. சத்தார் சாயபு என்பவருடைய தோல் ஷாப்பில் வேலை. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதனிட்டு, காய்ந்த பிறகு தரம் பிரித்துக் கட்டாகக் கட்டுவார்கள். தரம் பிரிப்பது நான். தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எங்கே ஓட்டை, எங்கே உரித்தவன் கத்தி பட்டது, ஆடு உயிரோடு இருந்தபோது எந்த வேலியில் உரசியது என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன். சொல்வேன் என்றால் வாயால் இல்லை. நல்லதை வலது பக்கம் போடுவேன், மட்டமானதை இடது பக்கம் போடுவேன்.

ஆனால் அந்த வட்டாரத்தில் என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது இதனால் இல்லை, துண்டினால். தோல் வியாபாரத்தில் அப்போதெல்லாம் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சுற்றிலும் காதை நீட்டிக்கொண்டு ஆட்கள் நிற்கும் இடம். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்று வலது கையை நீட்டுவார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். பேரம் முழுவதும் துண்டுக்குக் கீழே. 'பத்து' என்று மட்டும் வாயால் சொல்லிவிட்டு இரண்டு விரலைப் பிடித்தால் இருபது ரூபாய், மூன்று விரலைப் பிடித்தால் முப்பது, முழுக் கையையும் பிடித்தால் ஐம்பது. (இருபது தோலுக்கு இத்தனை ரூபாய் என்பது கணக்கு.) ஒத்துவராவிட்டால் கையை உருவிக்கொள்ள வேண்டும். ஒத்துவந்தால் கையை இறுக்கிக் குலுக்க வேண்டும். குலுக்கிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு கட்டைப் பிரித்துக் காட்டு என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் 'நீ திருடன்' என்று சொன்னதற்குச் சமம்.

இந்த வேலைக்கு என்னை மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டம். தரகர்கள் சுற்றி நிற்பதே முகத்தைப் பார்த்து விலையை ஊகிக்கத்தான். என் முகத்தில் எப்போதும் இருப்பது பயம் ஒன்றுதான். பத்து ரூபாய் கேட்டாலும் நூறு ரூபாய் கேட்டாலும் அதே பயம். அதை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிப்பது? காதர் என்று ஒரு தரகர் இருந்தார். மற்ற முதலாளிகளுக்கு விலை மோப்பம் பிடித்துச் சொல்வதே அவர் பிழைப்பு. அவரே ஒரு நாள் வெறுத்துப்போய், "இவன் மூஞ்சியப் பாத்தா சரக்கு விக்கிறானா சாவு வூட்ல நிக்கிறானான்னே தெர்லப்பா" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

அந்த வருஷம் சரக்கு தேங்கிப்போயிற்று. மதராஸ் ஏற்றுமதிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். பதனிட்ட தோல் கிடங்கில் கூரை வரை ஏறிவிட்டது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரக்காற்று அடித்தால் தோலில் பூசணம் பூத்துவிடும், அப்புறம் அதைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். சாயபு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, இந்தச் சரக்கு போகாவிட்டால் தோல் ஊறும் குழிகளை மூடிவிடப் போகிறேன், வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். நாற்பது பேர் இருந்தோம். அதில் என் அண்ணன் ஒருவர். அவருக்கு நாலு பிள்ளைகள்.

அந்தச் சமயத்தில்தான் மதராஸிலிருந்து கடிதம் வந்தது. லண்டனில் செருப்புத் தோல் வியாபாரம் செய்யும் துரை ஒருவர், இடையில் ஆள் வைக்காமல் நேரே ஷாப்புக்கே வந்து பார்த்து வாங்க விரும்புகிறாராம். கூடவே மொழி சொல்ல ஒரு துபாஷ் வருவாராம்.

துரை வந்தார். துபாஷ் வரவில்லை. காட்பாடியில் இட்லி வாங்க இறங்கியிருக்கிறார், அவருக்குச் சட்னி வருவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. (இது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது.) துரை தனியாக ஜட்காவில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து வந்து இறங்கினார். நல்ல உயரம். கழுத்து வெயிலில் சிவந்திருந்தது. கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், பென்சில். சாயபு 'குட்மார்னிங்' சொன்னார். அதோடு அவருடைய இங்கிலீஷ் தீர்ந்தது. என்னுடைய இங்கிலீஷ் அதற்கு ஒரு சொல் அதிகம்: 'எஸ் சார்'.

அன்றைக்கென்று சாயபுவுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் தொப்பி மாதிரி மாட்டியிருந்தார். அந்தப் பழத்தோடு துண்டுக்குக் கீழே பேரம் பேச முடியாது. இடது கையை நீட்டுவதும் மரியாதை இல்லை. அதற்குள் காதர் தரகரும் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, நிழல் நன்றாக இருக்கிறது என்றார்.

சாயபு என்னைக் கிடங்குக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"முனிரத்தினம், அந்தக் காதரு காதத் தீட்டிக்கினு ஒக்காந்துகிறான். துபாஷ் வந்து வாயால வெல பேச ஆரமிச்சான்னா சாயங்காலத்துக்குள்ள வாணியம்பாடி வரைக்கும் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி நீ போயி கைய புடிச்சிடு. முப்பது கேளு. இருபத்தஞ்சுக்குக் கம்மியா எறங்காத."

துரைக்கு இந்த வழக்கம் தெரியுமா என்று கேட்டேன். மனசுக்குள் கேட்டேன். அது அவருக்கு எப்படிக் கேட்டதோ, "இன்னா முழிக்கிற? அவரும் வியாபாரி தானே. கை இல்லாத வியாபாரி எந்த ஊர்ல கீறான்?" என்றார்.

துரை தரம் பிரிக்கும் கொட்டகையில் நின்று மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுண்ணாம்புக் கறை படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தோளில் இருந்த துண்டை உருவிக்கொண்டு, வலது கையை நீட்டியபடி அவரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், உடனே தன் வலது கையை நீட்டினார். எனக்கு உயிர் வந்தது. தொழில் தெரிந்த மனிதர் என்று நினைத்தேன். துண்டைப் போட்டு மூடினேன். அவருடைய ஒரு புருவம் மட்டும் லேசாக மேலே போயிற்று. "பத்து" என்று சொல்லிவிட்டு மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தேன்.

துரை ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு விரல்களை என் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டு, என் முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தார். இறுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று குலுக்கினார்.

ஐம்பது. கேட்டது முப்பது, கொடுக்கிறேன் என்பது ஐம்பது. அதுவும் இரண்டு குலுக்கு போதாதென்று மூன்று.

சீமையில் இரண்டு பேர் சந்தித்தால் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், அது வெறும் கும்பிடு மாதிரி, அதற்கு விலை ஒன்றும் கிடையாது என்பதை அன்று சாயங்காலம்தான் நான் தெரிந்துகொண்டேன். துரைமாரை ரயில் ஜன்னலில் பார்த்திருக்கிறேனே தவிர அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து என்ன செய்வார்கள் என்று யார் கண்டது? துரையும் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் நினைத்திருக்கிறார். என் கையில் சுண்ணாம்பு இருக்கிறது, அது அவர் சட்டையில் படக்கூடாதென்று துண்டு போட்டு மூடினேன், எவ்வளவு மரியாதையான ஊர் என்று நினைத்தாராம்.

சாயபுவிடம் போய் அவருடைய இடது கையைப் பிடித்து, துண்டு போட்டு, முழுக் கையை அழுத்தினேன். அவர் நம்பவில்லை. "இன்னொரு வாட்டி புடி" என்றார். பிடித்தேன். "கண்ண மூடிக்கிறேன், இப்போ புடி" என்றார். மறுபடியும் பிடித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே அங்கிருந்த தோல்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தவர், இருந்த நாற்பது பேருக்கும் பிரியாணி போடச் சொல்லிவிட்டார். ஆட்டை ஓட்டிவர ஒருவன் ஓடினான். கட்டுகளைச் சாக்கில் வைத்துத் தைக்கச் சொல்லி, வண்டி கட்டச் சொல்லி, ஸ்டேஷனுக்கு ஏற்றச் சொல்லி ஒரே அமளி. என் அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பிறந்ததிலிருந்து முதல் முறையாக என் முகத்தில் பயம் இல்லாத ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும். காதர் தரகர் அதைப் பார்த்துவிட்டு நிழலை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

இத்தனையும் நடக்கும்போது துரை என்ன செய்துகொண்டிருந்தார்? பாவம், அவர் இன்னும் வேலையையே ஆரம்பிக்கவில்லை. துபாஷ் வரும் வரைக்கும் சரக்கையாவது பார்த்து வைப்போம் என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு கட்டுகளிடம் வந்தார். தைத்த கட்டு ஒன்றைக் காட்டி, பிரி என்று சைகை செய்தார்.

கை குலுக்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு பிரிப்பதா? இதை அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே வழியாக, கட்டுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். துரை என்னமோ கேட்டார். "எஸ் சார்" என்றேன். புரியவில்லை என்று நினைத்து நிறுத்தி நிதானமாக இன்னொன்று கேட்டார். "எஸ் சார்." முகம் சிவந்து, சத்தமாக மூன்றாவதாக ஒன்று கேட்டார். கோபம் போல இருந்ததால் கைகூப்பிக்கொண்டு இன்னும் பணிவாக "எஸ் சார்" என்றேன்.

அவர் முதலில் கேட்டது, 'உள்ளே எதையாவது மறைக்கிறாயா?' இரண்டாவது, 'நடுவில் அழுகல் இருக்கிறதா?' மூன்றாவது, 'அப்படியானால் உன் முதலாளி என்னை ஏமாற்றப் பார்க்கிறாரா?' இதை துபாஷ் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் இப்போது யோசித்தாலும் வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. பெரிய மனிதர் ஒருவர் கேட்டால் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புரியாவிட்டால் இன்னும் பலமாக ஆமாம் சொல்ல வேண்டும்.

துரை நோட்டை மூடினார். தொப்பியை வைத்துக்கொண்டார். பிரியாணி தேக்சாவைத் தாண்டி வெளியே நடந்தார். வெளியே போகிறவரைப் பார்த்து சாயபு சந்தோஷமாக சலாம் வைத்தார். சரக்கு ஏற்ற ரயிலில் இடம் பேசப் போகிறார் என்று அவர் நினைப்பு. பிரியாணிக்குத் தம் போட்டு இறக்கியும் துரை திரும்பவில்லை. சரக்கு வண்டியோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்த ஆள் ஓடிவந்து, துரை மதராஸ் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறார், நம் கட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றான்.

சாயபு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அவன் கையத்தானே புடிச்ச? வேற எதயும் புடிச்சிடலியே?"

இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். சாயபு எலுமிச்சம்பழம் விழாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்னால் என் அண்ணன், அவருக்குப் பின்னால் ஷாப்பில் பாதிப் பேர், கடைசியில் காதர் தரகர். நாங்கள் போய்ச் சேரவும் மதராஸ் பக்கத்திலிருந்து வந்த வண்டியில் துபாஷ் இறங்கவும் சரியாக இருந்தது. ரங்கநாத முதலியார் என்று பெயர். கோட்டு, தலைப்பாகை, பசி. துரை அவரிடம் வெகுநேரம் இங்கிலீஷில் பேசினார். முதலியார் எங்களிடம் வந்து, "யாருய்யா அந்த எஸ் சார்?" என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

நடந்ததைச் சொல் என்றார். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. அவர் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு, துரை பிடித்த மாதிரியே பிடித்துக் குலுக்கிக் காட்டினேன். முதலியார் மதராஸில் தோல்கிடங்குப் பக்கமே வளர்ந்தவர். சட்டென்று புரிந்துகொண்டு தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு துரைக்கு எடுத்துச் சொன்னார். துரை தன் வலது கையை, அது வேறு யாருடையதோ என்பது போல, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எத்தனைக்கு வாங்கியிருக்கிறேன் என்று கேட்டார். ஐம்பது என்று தெரிந்ததும் அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கட்டைப் பிரித்துக் காட்டினால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் இதோ வரும் ரயிலில் போகிறேன், ஐம்பது என்ற பேச்சே கிடையாது என்பது துரையின் முடிவு. குலுக்கிய பிறகு கட்டைப் பிரித்தால் ஊரில் யார் என்னை மதிப்பார்கள் என்று சாயபு அசையாமல் நின்றார். தூரத்தில் கைகாட்டி மரம் இறங்கிவிட்டது. என் அண்ணனைப் பார்த்தேன். அவர் வண்டியில் இருந்த கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

"மொதலாளி, பிரிச்சிடலாம். வெளிய கீற மாதிரிதான் நடுவுலயும் கீது. நான்தான் கட்னேன்."

அத்தனை பேர் முன்னால் நான் பேசியதைக் கேட்டு சாயபு திகைத்துப்போய்த் தலையை ஆட்டிவிட்டார்.

துரை தானே மூன்று கட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். நடைமேடையிலேயே பிரித்தோம். ஒவ்வொரு தோலாகத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நல்லதை வலது பக்கம் போட்டார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் ஒரே ஊர்க்காரர்கள். மூன்று கட்டிலும் சேர்த்து ஒரே ஒரு தோலை இடது பக்கம் போட்டார். எடுத்துப் பார்த்தேன். ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. நான் பார்க்காமல் விட்டது. அன்று நடந்த எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் அதிக வெட்கம்.

துரை விலையைச் சொன்னார். முதலியார் அதை நடைமேடை முழுவதும் கேட்கும்படி, "இருபத்தாறு ரூபாய் தருகிறாராம்" என்றார்.

சாயபு கண்ணை மூடிக்கொண்டார். காதர் தரகருக்கு அன்று காதைத் தீட்டவே வேண்டியிருக்கவில்லை.

"கொஞ்சம் மெள்ள சொல்லுய்யா" என்றார் சாயபு.

"துரைக்கு மறைக்க ஒன்றும் இல்லையாம்."

"எனக்கு கீதே."

ஆனாலும் இருபத்தைந்துக்கு மேல் ஒரு ரூபாய். சாயபு ஒப்புக்கொண்டார். துரை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குழிகளை மூட வேண்டியதில்லை என்று தெரிந்ததும் ஷாப்பு ஆட்கள் பிரியாணி ஆறிவிடுமே என்று திரும்பி ஓட ஆரம்பித்தார்கள்.

ரயில் வந்து நின்றது. துரை சாயபுவிடம் கையை நீட்டினார். சாயபு எலுமிச்சம்பழத்தைக் காட்டிவிட்டு சலாம் வைத்தார். அடுத்து என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போய்விட்டேன்.

"குடுப்பா. இது சும்மா. இதுக்கு வெல கெடையாது" என்றார் முதலியார்.

கொடுத்தேன். துரை என் தோளில் இருந்த துண்டைத் தானே எடுத்து, ஓரமெல்லாம் சரிசெய்து எங்கள் கைமேல் போட்டு மூடினார். கீழே என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். குலுக்கினார். துண்டை என் தோளில் போட்டுவிட்டு முதலியாரோடு ரயில் ஏறிவிட்டார்.

சாயபு கேட்டார், கீழே என்ன பிடித்தான் என்று. 'ஒன்று' என்றேன்.

"ஒண்ணா? ஒரு ரூபா ஜாஸ்தியா, கம்மியா?"

"தெர்ல மொதலாளி."

"கேக்கறதுதானே?"

ரயில் போய்விட்டது. சாயபு அன்றிலிருந்து பணம் வந்து சேரும் வரைக்கும் பேஜாரிலேயே இருந்தார். வழியில் என்னைப் பார்த்தாலே ஒரு விரலைக் காட்டி, என்னவாக இருக்கும் என்று புருவத்தால் கேட்பார். வந்தது சரியாக இருபத்தாறு. அது அந்தத் துரை காட்டிய அன்புதான் என்று என் அண்ணன் சொன்னதை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. அன்புக்கு எதற்கு எண்ணிக்கை என்பார்.

மறு வருஷம் எனக்குப் பேரணாம்பட்டில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாவும் தோல் மண்டியில் இருந்தவர். காதர் தரகர் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய், மாப்பிள்ளை ஏற்கெனவே ஒரு தடவை பலர் அறிய ஒரு துரையின் கையைப் பிடித்தவர், துரை உதறிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார் என்று சொல்லி வைத்துவிட்டார். நல்லவேளையாக அவர்கள் சிரித்துவிட்டுப் பெண் கொடுத்தார்கள். கல்யாணத்தில் பெண்ணின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மணமேடையைச் சுற்ற வேண்டும். சுற்றிலும் கூட்டம். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் என் மனைவி முதன்முதலாக என்னிடம் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாள். மண்டிக்காரர் மகள், குழந்தையிலிருந்தே விரல் கணக்குத் தெரிந்தவள்.

"துரைக்கு அம்பது, எனக்கு முப்பதுதானா?"

மூன்று விரலைப் பிடித்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாகிறது. வீட்டுக்கு எந்த உறவு வந்தாலும், சாப்பாடு போட்டு முடித்த கையோடு இதைச் சொல்லிவிடுவாள். என் பிள்ளைகள் புதுச்சேலை கேட்கச் சொல்லி அவளைத் தூண்டிவிடும்போதெல்லாம், "முப்பது ரூபா பொண்டாட்டிக்கு இது போதும்னு உங்கப்பா சொல்லுவாரு" என்பாள். கூட்டத்தைப் பார்த்துக் கை நடுங்கிவிட்டது, விரல் தவறிவிட்டது என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

"துரை கைய புடிக்கும்போது மட்டும் நடுங்கலியே" என்கிறாள்.